வீடு மாறும் பிள்ளைக்கு ஏற்ற ஆரஞ்சுப் பெட்டி: பாஸ் டிஎஸ்-1 டிஸ்டார்ஷன் பெடல்

அகலம் 73 மில்லிமீட்டர், நீளம் 129, உயரம் 59. பேட்டரியோடு சேர்த்து எடை சுமார் 400 கிராம். பள்ளிக்கூடப் பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் அடங்கிவிடும். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் பாஸ் என்ற பெயரில் 1978-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டிஎஸ்-1, இன்றும் அதே ஆரஞ்சு நிறத்தில், அதே மூன்று நாப்களோடு (திருப்பும் குமிழ்களோடு) கடைக்கு வந்துகொண்டிருக்கிறது. எலக்ட்ரிக் கிட்டாருக்கும் அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்புக்கும் நடுவே செருகி, சுத்தமான ஒலியைக் கரகரப்பாக்கும் பெடல். அமெரிக்காவில் புதிதாகவே 100 டாலருக்குள் கிடைக்கிறது. பழையது அதைவிட மலிவு.

இதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். மேடைக்காரர்களுக்காகவும் ஸ்டுடியோக்காரர்களுக்காகவும் எழுதியவையே அதிகம். இந்த மதிப்புரை வேறொரு வீட்டுக்கானது. பங்க் என்ற வேகமான, கரடுமுரடான ராக் இசையில் விழுந்துவிட்ட 14, 15 வயதுப் பிள்ளை. அம்மா உடன் இல்லை. வேலைக்கு வெளிநாடு போயிருக்கலாம், பிரிந்து போயிருக்கலாம், இறந்தும் போயிருக்கலாம். பிள்ளை கொஞ்ச நாள் அப்பாவிடம், கொஞ்ச நாள் பாட்டி வீட்டில், பரீட்சை சமயத்தில் அத்தை வீட்டில் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்வருகிறது. சத்தமாக வாசிக்கப் பக்கத்தில் இடம் இல்லை, கோளாறு வந்தால் கேட்க ஆள் இல்லை, மாசாமாசம் புதுச் சாமான் வாங்கக் காசு இல்லை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு எந்தப் பெடல் வாங்கித் தருவது என்று தாய்மாமனோ சித்தியோ கேட்டால், முதல் பதில் டிஎஸ்-1 தான். காரணங்களும், இதன் தொல்லைகளும் கீழே.

தாய்மாமன், சித்தி என்று சொன்னது பேச்சுக்காக அல்ல. இந்தப் பெட்டியை உலகமே அறியச் செய்தவர்களில் ஒருவர், நிர்வாணா என்ற ராக் குழுவின் பாடகரும் கிட்டார்காரருமான கர்ட் கோபேன். 1967-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மரம் வெட்டிப் பிழைத்த அபர்தீன் ஊரில் பிறந்தவர். 1976-இல், ஒன்பது வயதில், பெற்றோர் பிரிந்தார்கள். பிறகு அப்பாவோடு, உறவினர் வீடுகளில், தாத்தா பாட்டியோடு என்று மாறி மாறி வளர்ந்தார். அம்மாவிடம் திரும்பியதும் நிலைக்கவில்லை. 1985-இல் பள்ளிப் படிப்பை முடிக்காமல் நிறுத்தியபோது அந்த வீட்டையும் விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஆனால் அம்மாவின் கூடப்பிறந்தவர்கள் அவரைக் கைவிடவில்லை. 14-ஆம் பிறந்தநாளுக்குச் சைக்கிள் வேண்டுமா, கிட்டார் வேண்டுமா என்று கேட்டு, பழைய ஜப்பான் கிட்டார் ஒன்றை வாங்கிக் கொடுத்தவர் தாய்மாமன் சக். தன் வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிவு செய்துகொள்ள இடம் கொடுத்தவர் சித்தி மேரி. 1982 கிறிஸ்துமஸ் விடுமுறையில் அந்த வீட்டில் டிரம் இல்லாததால், காலிப் பெட்டியை மரக்கரண்டியால் தட்டி அந்தப் பையன் பதிவு செய்தான். ஆறேழு ஆண்டு கழித்து, நிர்வாணா குழுவின் முதல் ஆல்பத்தை 606 டாலர் 17 சென்ட் செலவில் சியாட்டிலில் பதிவு செய்தபோது, கடன் வாங்கிய ஃபெண்டர் ட்வின் ஆம்பின் முன்னால் இருந்தது இந்த ஆரஞ்சுப் பெட்டி. அவருடைய ஆம்ப் அந்நேரம் ரிப்பேருக்குப் போயிருந்தது. வேறொருவரின் ஆம்பிலும் தன் ஒலியைக் கொண்டுவர முடிந்ததற்கு இந்தப் பெட்டியே காரணம். வீடு மாறும் பிள்ளைக்கு ஆம்பைவிடப் பெடல் முக்கியம் என்று சொல்வதும் இதனால்தான். ஆம்ப் அந்தந்த வீட்டில் இருப்பது. பெடல் பையோடு வரும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் நாப் திருப்புவது எளிது. கிட்டாரின் சிக்னல் முதலில் ஒரு டிரான்சிஸ்டர் நிலையில் பலமடங்கு பெருகுகிறது. அடுத்து ஆப்-ஆம்ப் என்ற ஐசி அதை மேலும் பெருக்குகிறது. எவ்வளவு என்பதை வலக்கோடி நாப், டிஸ்ட், தீர்மானிக்கும். பிறகு எதிரெதிராக வைத்த இரண்டு சிலிக்கான் டயோடுகள். அலையின் மேல் முனையையும் கீழ் முனையையும் ஏறக்குறைய 0.6 வோல்ட்டில் அவை வெட்டிவிடுகின்றன. அந்த வெட்டுத்தான் கரகரப்பு. அடுத்து இடக்கோடி நாப், டோன். கடைசியில் நடு நாப், லெவல்.

இதில் டோன் நாப்பை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். சாதாரண டோன் நாப் உச்ச ஒலியைக் குறைப்பதோடு சரி. டிஎஸ்-1-இல் உள்ளது இரண்டு வடிகட்டிகளின் கலவை: ஒன்று அடியொலியைக் கடக்க விடும், மற்றது உச்சத்தைக் கடக்க விடும், நாப் இரண்டுக்கும் நடுவே நகரும். நடுவில் வைத்தால் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுகிறது. கிட்டாரின் உடம்பு இருப்பதே அந்தப் பகுதியில்தான்.

தனியாக வாசிக்கும் பிள்ளைக்கு இந்தப் பள்ளம் தெரியாது. இந்தப் பெடலைப் பற்றி வரும் குறைகளில் பாதிக்கு வேர் இங்கே இருக்கிறது, அதனால் சற்று நின்று பார்ப்போம். கதவைச் சாத்திக்கொண்டு அறையில் வாசிக்கும்போது, பள்ளம் விழுந்த ஒலி மிகப் பெரிதாக, சிடியில் கேட்பதுபோல இருக்கும். டிஸ்டை முழுக்கத் திருகி, டோனைக் கடிகார முள் கணக்கில் 2 மணிக்கு ஏற்றி, ஆம்பில் மிட்டை, அதாவது நடுப்பகுதி ஒலியை, குறைத்து வைத்திருப்பார்கள். முதல் தடவை டிரம்மோடும் பேஸோடும் சேர்ந்து வாசிக்கும் நாளில் கிட்டார் காணாமல் போய்விடும். அடியொலியைப் பேஸ் கிட்டார் விழுங்கும், உச்சத்தைச் சிம்பல் விழுங்கும், நடுப்பகுதி பெடலிலேயே இல்லை. பிள்ளை வால்யூமைக் கூட்டும், டிரம் வாசிப்பவர் இன்னும் ஓங்கி அடிப்பார், மூன்று பாட்டுக்குள் எல்லோருக்கும் காது இரையும். பெடல் மோசம் என்று விற்றுவிடுகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் விற்கிறார்கள்.

சரிசெய்வது சுலபம். நாப்பின் நிலையைக் கடிகார முள்போல எண்ணிக்கொள்ளுங்கள். டோன் 9 மணி, மிஞ்சினால் 10. டிஸ்ட் 12 முதல் 1 மணி. லெவல், பெடலை அணைத்தால் வரும் சத்தத்தைவிட ஒரு பிடி கூடுதலாக. பல கிட்டார்களில் இது 12 மணிக்குப் பக்கத்தில் வரும். ஆம்பைச் சுத்தமான சேனலில் வைத்து, 10 வரை எண்ணுள்ள நாப்களில் பேஸ் 5, மிட் 7 அல்லது 8, டிரெபிள் 3 அல்லது 4. அறையில் தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவதுபோல இருக்கும், பிள்ளைக்குப் பிடிக்காது. குழுவோடு வாசித்தால் ஒவ்வொரு கார்டும் தெளிவாக முன்னால் வந்து நிற்கும். ஆகவே வீட்டு அமைப்பு ஒன்று, ஒத்திகை அமைப்பு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்வதே சரி.

ஆம்பே லேசாகக் கரகரக்கிற அளவுக்கு ஏற்றியிருந்தால் இன்னொரு வழி உண்டு: டிஸ்டை 8 மணிக்கு, அதாவது கிட்டத்தட்ட அடியிலேயே விட்டு, லெவலை 3 மணிக்கு ஏற்றுங்கள். பெடல் வெட்டுவது குறைந்து, ஆம்பை அது முன்னே தள்ளும். பழைய பங்க் ஒலிக்கு இதுவே நெருக்கமானது. ராமோன்ஸ் குழுவின் ஜானி ராமோன் பெடலை நம்பாமல், சத்தமாக ஏற்றிய மார்ஷல் ஆம்பிலேயே அந்த ஒலியை எடுத்தார். அந்தச் சத்தத்துக்கு வழியில்லாத வீட்டில் அதன் சாயலை இந்த அமைப்பு தரும்.

கையும் பழக வேண்டும். டிஸ்டார்ஷனில் முழு மேஜர், மைனர் கார்டு வாசித்தால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதி, எதிலும் இல்லாத புதிய ஸ்வரங்கள் முளைத்துச் சேறாகிவிடும். பவர் கார்டு எனப்படும் ச-ப-மேல் ச மூன்றும் சேர்ந்தால் அந்த மோதல் இராது. அதனால்தான் பங்க் முழுக்க அதுவே ஓடுகிறது. வலது உள்ளங்கையின் விளிம்பை, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் மேல் லேசாக வைத்து அமுக்கி வாசித்தால் இந்தப் பெடலில் நல்ல திம்திம் கிடைக்கும்; கை அரை அங்குலம் முன்னே நகர்ந்துவிட்டால் சுருதியே கேட்காது. கம்பி 9-42 என்ற மெல்லிய அளவில் இருந்தால், ஓங்கி அடிக்கும் பிள்ளையின் கையில் ஒவ்வொரு அடியும் சுருதி ஏறி ஒலிக்கும். அதைவிடத் தடித்த 10-46 போடுங்கள். பெடலின் குறை என்று நினைத்தது பல தடவை கம்பியின் குறையாக இருக்கும்.

இரைச்சலுக்கு வருவோம். இது அமைதியான பெடல் அல்ல. டிஸ்ட் 3 மணியைத் தாண்டினால், யாரும் வாசிக்காதபோதும் புஸ்ஸென்ற சத்தம் இருந்துகொண்டே இருக்கும். அவ்வளவு பெருக்கத்துக்கு அது இயல்பு. வேறு சத்தம் கேட்டால் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய வேண்டும். கம்பியைத் தொட்டதும் குறைகிற இரைச்சல், கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பிக்கப் சுற்றுப்புறத்திலிருந்து இழுத்துக்கொள்வது. டியூப்லைட், கம்ப்யூட்டர், போன் சார்ஜர் ஆகியவற்றிலிருந்து இரண்டடி தள்ளி, உடம்பைக் கொஞ்சம் திருப்பி நின்றால் குறையும். தொட்டதும் அதிகமானால் கிட்டாருக்குள் எர்த் கம்பி விட்டிருக்கிறது, திறந்து பார்க்க வேண்டும். பேட்டரியில் இல்லாமல் அடாப்டர் செருகினால் மட்டும் வரும் ‘ம்ம்ம்’ என்ற ஓசைக்கு அடாப்டர்தான் காரணம். ஆம்பைப் பார்த்து நின்றால் கீச்சென்று கத்துவது ஃபீட்பேக்; பெடலிலும் ஆம்பிலும் கெயினை, அதாவது பெருக்கத்தை, ஒருசேர முழுக்க வைத்தவர்களுக்கு இது ஓயாது. ஏதாவது ஒன்றைக் குறைத்தால் போதும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பெடலைக் காலால் அணைக்கும் பழக்கமும் வரவேண்டும்.

மின்சாரம். 9 வோல்ட் சதுர பேட்டரி ஒன்று உள்ளே போகும். இழுக்கும் மின்னோட்டம் சுமார் 4 மில்லி ஆம்பியர்தான். நல்ல அல்கலைன் பேட்டரியில் கணக்குப்படி 100 மணி நேரத்துக்கு மேல் வர வேண்டும். ஆனால் ஒரே வாரத்தில் தீர்ந்துவிட்டது என்று பிள்ளைகள் சொல்வது பொய்யில்லை: வலப்பக்க இன்புட் ஜாக்கில் கேபிள் செருகியிருக்கும் வரை பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும். காலால் அணைத்து, சிவப்பு விளக்கு போனாலும் மின்சாரம் நிற்பதில்லை. வாசித்து முடித்ததும் அந்தக் கேபிளைப் பிடுங்க வேண்டும். இதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

பேட்டரி சாகும்போது இன்னொன்று நடக்கும். பெடல் அணைந்திருந்தாலும் சிக்னல் உள்ளிருக்கும் பஃபர் என்ற, மின்சாரம் தேவைப்படும் சிறு சுற்றின் வழியாகத்தான் போகிறது. ஆகவே பேட்டரி செத்தால் பெடலைக் காலால் அணைத்துவிட்டு வாசிக்கலாம் என்பது நடக்காது, கிட்டாரே ஊமையாகும். ஒத்திகையின் நடுவே இது நேர்ந்தால், கேபிளை நேராக ஆம்பில் செருகுவது ஒன்றே வழி. விளக்கு மங்கத் தொடங்கும்போதே மாற்றிவிட்டால் இந்த வம்பு இல்லை. பேட்டரி மாற்ற, மேலே முன்பக்கம் இருக்கும் கைத்திருகைத் தளர்த்தினால் போதும், முழுதும் கழற்ற வேண்டாம். மிதிபலகை மேலே எழும்பும். உள்ளே ஒரு ஸ்பிரிங் நிற்கும். அது துள்ளி விழுந்து கட்டிலுக்கடியில் போனால் பெடல் சரியாக மிதிபடாது. மூடும்போது பேட்டரி வயர் ஸ்பிரிங்கில் சிக்கிக்கொள்ளாமல் ஓரமாக ஒதுக்குங்கள்.

அடாப்டர் வாங்குவதானால் 9 வோல்ட் டிசி, ரெகுலேட் செய்தது (மின்னழுத்தம் ஏறி இறங்காதது), முனையின் நடுவில் நெகட்டிவ். கடையில் கிடைக்கும் பொதுவான அடாப்டர்கள் பலவற்றில் நடுவில் பாசிட்டிவ் இருக்கும். வாங்குமுன் அதன் மேல் அச்சிட்ட வட்டப் படத்தைப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் அம்மா பார்சலில் அனுப்பினால் கூடுதலாக ஒன்று: அமெரிக்காவுக்கான பாஸ் அடாப்டர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் ஊரின் 230 வோல்ட்டில் முனை மாற்றி மட்டும் போட்டுச் செருகினால் கருகிவிடும். பெடலை மட்டும் அனுப்பச் சொல்லி, அடாப்டரை இங்கே வாங்குவதே நல்லது.

பழைய பெடல் வாங்குகிறவர்களைச் சுற்றவைக்கும் விஷயம் ஒன்று உண்டு. 1990-களின் பிற்பகுதிக்கு முந்தைய பெட்டிகள் ஏசிஏ என்ற பழைய வகை அடாப்டருக்காகச் செய்தவை. அந்த அடாப்டர் 9 வோல்ட் என்று சொல்லிக்கொண்டாலும் ரெகுலேட் செய்யாதது. நடைமுறையில் 12 வோல்ட் பக்கம் தரும். அதைக் குறைக்கப் பெட்டிக்குள் ஒரு ரெசிஸ்டரும் டயோடும் இருக்கும். அத்தகைய பெட்டியில் இன்றைய பிஎஸ்ஏ வகை 9 வோல்ட் அடாப்டரைச் செருகினால் மின்னழுத்தம் மேலும் குறைந்து, விளக்கு மங்கும், ஒலி சப்பென்றாகும். பெடல் கெட்டுவிட்டது என்று நினைத்து அடிமாட்டு விலைக்கு விற்பவர்கள் உண்டு. பெட்டியின் லேபிளில் ஏசிஏ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேட்டரி போட்டுச் சோதியுங்கள். ஒலி முழுதாக வந்தால் பெடல் நலம். பேட்டரியிலேயே ஓட்டலாம்.

எதெல்லாம் கெடும்? இரும்புபோன்ற உடம்பு கெடாது. மேலிருந்து விழுந்தாலும் வண்ணம் பெயர்வதோடு சரி. அதிகம் கெடுவது மிதிபலகைக்குக் கீழே இருக்கும் சிறிய சுவிட்ச். ஒரு தடவை மிதித்தால் இரண்டு தடவை மாறும், அல்லது மாறவே மாறாது. மலிவான பாகம்தான், சால்டரிங் தெரிந்த எந்த ரேடியோ ரிப்பேர்காரரும் 15 நிமிடத்தில் மாற்றிவிடுவார். இரண்டாவது ஜாக். வெளியே இருக்கும் நட்டு தளர்ந்தால் கேபிள் செருகும் ஒவ்வொரு தடவையும் ஜாக்கே சுழன்று, உள்ளே வயர் முறுக்கி அறும். மாதத்துக்கு ஒரு தடவை விரலால் ஆட்டிப் பார்த்து, தளர்ந்திருந்தால் ஸ்பேனரால் ஒரு கால் சுற்று இறுக்குங்கள். நாப் திருப்பும்போது கரமுர என்றால் உள்ளே தூசி. அடித்தட்டின் நான்கு திருகுகளைக் கழற்றி, காண்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டளவு நாப்புக்குக் கீழிருக்கும் பாகத்தின் இடுக்கில் அடித்து, இருபது தடவை இப்படியும் அப்படியும் திருப்பினால் சரியாகும். தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடக் கூடாது. கார்பன் தடம் பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். மாதக்கணக்கில் வாசிக்காமல் வைப்பதென்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அது கசிந்தால் முதலில் போவது கிளிப்.

வீட்டில் தனியாக இருக்கும் பிள்ளை இந்தப் பெட்டியைத் திறந்து நோண்டலாம். 9 வோல்ட், ஷாக் அடிக்காது. சொல்லப்போனால் எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பெட்டி குறைவு. பலகையில் டி4, டி5 என்று குறித்திருப்பவைதான் ஒலியை வெட்டும் அந்த இரண்டு டயோடுகள். ஒன்றைக் கழற்றிவிட்டு, கோடு போட்ட முனை இருந்த பக்கம் எல்இடியின் குட்டைக் கால் வருகிற மாதிரி ஒரு சிவப்பு எல்இடியை வைத்தால், ஒரு பக்கம் 0.6 வோல்ட்டிலும் மறுபக்கம் 1.7 வோல்ட் அளவிலும் வெட்டு விழும். சத்தம் கூடும், ஒலி திறந்துகொள்ளும், நெருக்கம் குறையும். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். டயோடின் ஒரு காலில் மூன்று வினாடிக்கு மேல் வைத்தால் பலகையின் செம்புத் தடம் உரியும். திறந்ததும் கால் நீட்டிய டயோடு தெரியாமல், அரிசிக் குறுணைபோலப் பாகங்கள் ஒட்டியிருந்தால் மூடிவிடுங்கள். அண்மைக்கால உற்பத்தி அது. பழகாத கைக்கு அந்த வேலை ஆகாது.

ஆனால் ஆம்ப் வேறு. குறிப்பாக வால்வு ஆம்பைப் பிள்ளை திறக்கவே கூடாது. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும். பெடலைத் திறக்கலாம், ஆம்பைத் திறக்கக் கூடாது: வேலைக்குப் போகிற பெரியவர் வாசலில் நின்று இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

காதுக்கும் ஒரு கணக்கு உண்டு. 85 டெசிபெலில் எட்டு மணி நேரம் தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி, 100-இல் 15 நிமிடம். சிறிய ஒத்திகை அறையில் டிரம்மோடு 100 சாதாரணம். கைப்பேசியில் டெசிபெல் அளக்கும் செயலி துல்லியமில்லாவிட்டாலும் எச்சரிக்கைக்குப் போதும். நுரை அடைப்பான் ஒரு சோடி பெடல் டப்பாவிலேயே கிடக்கட்டும். “சத்தத்தைக் குறை” என்று அறை வாசலில் வந்து கத்த ஒருவர் இருந்த வீட்டில் இதைச் சொல்லவேண்டியதில்லை.

ஹெட்போனில் வாசிக்க நினைத்தால் டிஎஸ்-1 மட்டும் போதாது. இதில் ஹெட்போன் துளை கிடையாது. அவுட்புட்டை நேராகக் கம்ப்யூட்டரிலோ மிக்சரிலோ செருகினால் குளவிக் கூட்டைக் கலைத்தது போலிருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் உச்ச ஒலியைத் தானாகவே வெட்டிவிடுகிறது. அந்த வேலையை இங்கே யாரும் செய்யவில்லை. ஹெட்போன் துளையுள்ள 10 வாட் பயிற்சி ஆம்ப் வாங்குங்கள், அல்லது பதிவுச் செயலியில், கிட்டார் ஸ்பீக்கரைப் போலவே ஒலியை வெட்டும் கேபினெட் சிமுலேஷனைப் போடுங்கள். இரவு பாட்டி தூங்கிய பிறகு வாசிக்கிற பிள்ளைக்கு இந்தச் செலவைத் தவிர்க்க முடியாது. பெடலோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

மற்ற பெடல்களோடு ஒப்பிட்டால்? பாஸின் டிஎஸ்-2-இல் இரண்டு நிலைகள். இரண்டாவது நிலை நடுப்பகுதியைத் தூக்கிக் கொடுப்பதால் குழுவில் கேட்கும். கோபேனே பின்னாளில் அதற்கு மாறினார். காசு இருந்தால் அது நல்ல தேர்வுதான், ஆனால் பழையதாகக் கிடைப்பதில் டிஎஸ்-1 முந்தும். ப்ரோகோ ராட் இன்னும் தடித்த, கரடுமுரடான ஒலி தரும். அதன் ஃபில்டர் நாப் தலைகீழாக வேலை செய்வதால் புதியவர்கள் திணறுவார்கள், பெட்டியும் பெரியது. பாஸின் மெட்டல் ஸோன் என்ற பெடல் பக்கம் பங்க் பிள்ளை போகவேண்டாம்: நாப்கள் அதிகம், ஒலியைத் தேடிக்கொண்டே மாலை போய்விடும். பிளாஸ்டிக் உடம்புப் பெடல்கள் ஒலியில் மோசமில்லை. வீடு மாறுகிற பையில் ஆறு மாதம் தாங்குமா என்பதுதான் கேள்வி. ஜப்பானில் செய்த 1980-களின் டிஎஸ்-1-க்குச் சிலர் இரண்டு மூன்று மடங்கு விலை சொல்வார்கள். 1994 வரை உள்ளே இருந்த தோஷிபா ஐசிக்காக அந்த விலை. வித்தியாசம் கேட்கத்தான் செய்கிறது, ஆனால் ஆம்பின் மிட் நாப்பை ஒரு எண் நகர்த்தினால் வருவதைவிடக் குறைவு. தைவானில் செய்ததோ பின்னாளில் மலேசியாவில் செய்ததோ, சுத்தமாக இருப்பதை வாங்குங்கள்.

பழையது வாங்கும்போது கையில் கேபிள் இரண்டும் புது பேட்டரியும் எடுத்துப் போங்கள். வலப்பக்கம் இன்புட், இடப்பக்கம் அவுட்புட். மாற்றிச் செருகி “வேலை செய்யவில்லை” என்று திரும்புவோர் உண்டு. முப்பது தடவை மிதித்து ஒவ்வொரு முறையும் விளக்கு மாறுகிறதா என்று பாருங்கள். மூன்று நாப்களையும் ஒலி வரும்போதே முழுக்கத் திருப்புங்கள். கைத்திருகும் ஸ்பிரிங்கும் இருக்கிறதா? பேட்டரி அறையில் பச்சைப் பூசணம் இருக்கிறதா? போலிகளும் உலவுகின்றன, எழுத்து மங்கலாக அச்சாகி, தூக்கினால் கனமே தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

கொடுக்கும்போது பெடலை மட்டும் கொடுக்காமல், மூன்று மீட்டர் கேபிள் இரண்டு, உபரி பேட்டரி ஒன்று, 10-46 கம்பி ஒரு செட், காதடைப்பான் எல்லாவற்றையும் ஒரு டிபன் டப்பாவில் போட்டுக் கொடுங்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த டப்பா போனால் போதும். அடித்தட்டு ரப்பரின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, அதில் பேனாவால் எழுதிவிடுங்கள்: டோன் 9, லெவல் 12, டிஸ்ட் 1. பத்து நாளில் பிள்ளை அதை அடித்துவிட்டுத் தன் எண்களை எழுதியிருக்கும்.